இடைவெயிலை நம்பாதீர்கள்: நீலகிரி வீட்டுத்தோட்டத்தில் உறைபனி

நேற்றுவரை பளபளப்பாகத் துளிர்த்திருந்த ரோஜா, இன்று காலை கருகி நிற்கிறதா? காரணம் பனி மட்டுமல்ல; அதற்கு முன் அடித்த சில நாள் வெயிலும்தான்.

குளிர் படிப்படியாகக் கூடினால் ரோஜா, முட்டைக்கோஸ் போன்றவை திசுக்களில் சர்க்கரையைச் சேர்த்து உறைபனியைத் தாங்கப் பழகும். இடையில் வெயில் நீடித்தால் அந்தத் திறன் குறைந்து, தளிர் விடும். அடுத்த பனியில் முதலில் கருகுவது அந்தத் தளிர்தான். பீன்ஸ், தக்காளிக்கு இப்படிப் பழகும் திறனே இல்லை.

எனவே, பிப்ரவரி முடியும்வரை:

• யூரியா இடுவதையும் கவாத்து செய்வதையும் தவிர்க்கவும்.

• வானம் தெளிந்து, காற்று அசையாத மாலைகளில் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடவும்.

• மண் காய்ந்திருந்தால் பகலிலேயே நீர் பாய்ச்சவும். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும்.

கருகிய செடியை உடனே பிடுங்கிவிடாதீர்கள். மார்ச்சில் அடித்தண்டிலிருந்து துளிர்க்கலாம். அதைப் பார்த்தபின் காய்ந்த கிளைகளை வெட்டுங்கள்.