கல்லுக்குள் என்ன உலோகம்?

கனிமம் தேடிப் போகும் புவியியலாளர், ஒரு பாறைத் துண்டில் செம்பு எவ்வளவு என்று அறிய, முன்பெல்லாம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார். இன்று கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப் கருவி அதே இடத்தில், ஓரிரு நிமிடத்தில் ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. பார்வைக்கு டிரில்லிங் மெஷின் போலிருக்கும், எடை சுமார் ஒன்றரை கிலோ, பேட்டரியில் இயங்கும்.

விசையை அழுத்தியதும் கருவியின் முனையிலிருந்து எக்ஸ் கதிர்கள் பாறைமேல் பாய்ந்து, அணுவின் உட்கூட்டிலுள்ள எலக்ட்ரானை வெளியேற்றும். காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்கும். அப்போது மிஞ்சும் ஆற்றல் புதிய எக்ஸ் கதிராக வெளிவரும். அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும்: இரும்புக்கு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 8.05. அணு எண்ணோடு இந்த ஆற்றலும் சீராக உயர்வதை 1913-இல் நிறுவியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. முதல் உலகப் போரில், 1915-இல், 27 வயதில் அவர் கலிப்பொலியில் கொல்லப்பட்டார். பாறையிலிருந்து இப்படித் திரும்பிவரும் கதிர்களைக் கருவியிலுள்ள சிலிக்கான் உணரி ஆற்றல்வாரியாக எண்ணுகிறது. ஆற்றல் தனிமத்தைக் காட்டும். எண்ணிக்கை அளவைக் காட்டும்.

எல்லாத் தனிமங்களும் இந்தக் கருவிக்குப் பிடிபடுவதில்லை. லித்தியத்தின் கதிர் மிக வலுவற்றது. காற்றைத் தாண்டி உணரியை எட்டாது. அதற்கு லேசரால் பாறைப் பரப்பை ஆவியாக்கி, எழும் ஒளியை ஆராயும் லிப்ஸ் கருவி வேண்டும். தங்கம் டன்னுக்குச் சில கிராம்தான் இருக்கும் என்பதால், பல படிவுகளில் அதனுடன் சேர்ந்து வரும் ஆர்செனிக்கைத் தடயமாகக் கொண்டு தேடுகிறார்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆர்செனிக்கின் முதன்மைக் கதிரும் ஈயத்தின் ஒரு கதிரும் ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்டவை. ஈயம் மிகுந்த கல்லில் ஆர்செனிக்கின் அளவைச் சரியாகப் பிரித்தறிவது கடினம்.

எக்ஸ்.ஆர்.எஃப் கருவி பார்ப்பது பாறையின் மேற்பரப்பை மட்டுமே. ஈரமும் அளவைக் குலைக்கும். எனவே மாதிரியை உலர்த்தி, பொடித்து, சலித்து அளப்பதே நல்லது. அளவு தெரிந்த தரமாதிரியை அவ்வப்போது வைத்துச் சரிபார்க்க வேண்டும். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கதிரைப் பாய்ச்சவே கூடாது.

ஆய்வகத்தின் வேலையை இது பறித்துவிடாது. கனிம இருப்பைக் கணக்கிட ஆய்வக முடிவுகளே அடிப்படை. ஆனால் எந்த மாதிரியை அங்கே அனுப்புவது, அடுத்த துளையை எங்கே போடுவது என்பதைத் துளையிடும் இயந்திரம் களத்தில் நிற்கும்போதே தீர்மானிக்க முடிகிறது. வீண் துளை ஒன்று குறைந்தாலும் பணம் மிச்சம். நிலத்துக்கும் ஒரு காயம் குறைவு.