துப்பறியும் கதையில் சமையல் குறிப்பு



துப்பறியும் கதை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இருட்டு, துப்பாக்கி, மறைந்துபோன நகை, தொப்பி அணிந்த துப்பறிவாளர். சமையல் குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருவன அரிசி மாவு, வெல்லம், நெய், ஏலக்காய். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், மேல்நாடுகளில் இவ்விரண்டையும் ஒரே புத்தகத்தில் சேர்த்துத் தரும் நாவல் வகை ஒன்று வளர்ந்து நிற்கிறது. அதிலும் கிறிஸ்துமஸ் போன்ற பண்டிகை நாட்களை வைத்து எழுதப்படும் கதைகளுக்கு வாசகர் மிகுதி. அவ்வகையைப் பற்றியும், மலாக்கா மாநிலத்துத் தமிழர்களாகிய நமக்கு அதில் என்ன பயன் உண்டு என்பதைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில் இந்நாவல்களின் இலக்கணத்தைப் பார்ப்போம். கதை நிகழ்வது ஒரு சிற்றூரில். துப்பறிபவர் போலீஸ்காரர் அல்லர். பெரும்பாலும் ரொட்டிக் கடை நடத்தும் பெண்மணியோ, விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரோ, கணவரை இழந்த மூதாட்டியோதான் அவ்வேலையைச் செய்வார். குற்றம் நடக்கும், ஆனால் இரத்தமும் கொடுமையும் விரிவாகச் சொல்லப்படுவதில்லை. இறுதியில் உண்மை வெளிப்பட்டு ஊர் மீண்டும் அமைதி பெறும். கதையில் வரும் பலகாரத்தின் செய்முறை, அளவுகளோடு, அத்தியாயத்தின் முடிவிலோ புத்தகத்தின் இறுதியிலோ அச்சிடப்பட்டிருக்கும்.

இவ்வகை ஒரே நாளில் தோன்றியதன்று. 1938-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் ஒரு பெரிய வீட்டில் நடக்கும் கொலையை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1960-இல் வெளிவந்த அவருடைய மற்றொரு கதையில், காணாமற்போன மாணிக்கக்கல் கிறிஸ்துமஸ் புட்டிங்கினுள் இருந்து வெளிப்படுகிறது. பண்டிகைக்கென்று செய்த புட்டிங் கீழே விழுந்து வீணாகிவிட, புத்தாண்டுக்கென்று வைத்திருந்த புட்டிங்கைப் பரிமாறிவிடுகிறார்கள். கல்லை ஒளித்தவர்களின் திட்டம் அதனால் குலைந்துபோகிறது. சமையலறையில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் மர்மத்தின் திறவுகோலாகிவிடுகிறது.

அதே 1938-இல் அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட் ‘டூ மெனி குக்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். புகழ்பெற்ற சமையற்கலைஞர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அங்கே ஒரு போட்டி. ஒன்பது தட்டுகளில் ஒரே வகைக் குழம்பு வைக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு தட்டிலும் ஒரு பொருள் மட்டும் குறைவு. எதில் எது குறைகிறது என்று நாவால் அறிந்து எழுத வேண்டும். போட்டியின் நடுவே கொலை விழுகிறது. சுவை பார்த்தவர்களின் விடைத்தாளே ஒருவர்மேல் சந்தேகம் விழக் காரணமாகிறது. அந்தத் துப்பறிவாளரான நீரோ வுல்ஃபின் பெயரில் 1973-இல் ஒரு தனிச் சமையல் நூலே வெளிவந்தது.

பின்னர் 1982-இல் வர்ஜீனியா ரிச் என்பவர் சமையல் பள்ளியொன்றை வைத்து ஒரு மர்ம நாவல் எழுதினார். 1990-இல் டயான் மாட் டேவிட்சனும், 2000-இல் ஜோன் ஃப்ளூக்கும் தத்தம் வரிசைகளைத் தொடங்கினர். ஜோன் ஃப்ளூக்கின் கதாநாயகி மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிஸ்கட் கடை நடத்துபவர். 2004-இல் வந்த அவ்வரிசை நூல் ஒன்று கிறிஸ்துமஸ் காலக் கதை. நமக்கு அருகிலேயே சிங்கப்பூரில் ஒவிடியா யூ என்ற எழுத்தாளர், உணவகம் நடத்தும் பெரனாக்கான் மூதாட்டி ஒருவரைத் துப்பறிவாளராக்கி 2013-இல் ஒரு வரிசையைத் தொடங்கினார்.

நம் தமிழில் நிலை என்ன? துப்பறியும் கதைக்குத் தமிழில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அதற்கு அடித்தளம் இட்டவர்கள். வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் திரைப்படமாகவும் வந்தது. பின்னாளில் தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீர்ப் பிரியராகவே வாசகர் மனத்தில் பதிந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாத நாவல்கள் மலாக்காவின் தோட்டப்புறங்களிலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. சமையல் நூலுக்கோ, 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ ஒரு மைல்கல். புதிதாக மணமான பெண் தனியாக நின்று சமைப்பதற்கு ஏற்றவாறு அளவும் முறையும் சொன்ன நூல் அது. தீபாவளி மலரைப் புரட்டினால் ஒரு பக்கம் மர்மக் கதை, சில பக்கம் தள்ளி அதிரசக் குறிப்பு. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்தும், பெரும்பாலும் ஒன்றையொன்று பாராமலே இருந்துவந்தன.

அவற்றைச் சேர்த்தால் ஏன் பொருந்துகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நல்ல மர்மக் கதைக்கு எல்லை கட்டிய ஓர் இடம் வேண்டும். வெளியார் எளிதில் நுழையாத இடமாக இருந்தால்தான் சந்தேகத்துக்குரியவர்கள் சிலராக இருப்பர்.

இரண்டாவது, பண்டிகை என்பது ஒரு கால அட்டவணை. எப்போது எண்ணெய்க் குளியல், எப்போது படையல், யார் அடுப்படியில், யார் கோயிலில் என்பது எல்லாருக்கும் தெரியும். வழக்கம் எங்கே பிசகுகிறதோ அங்கே தடயம் கிடைக்கும்.

மூன்றாவதே முக்கியமானது. 1929-இல் ரானல்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிவாளர் கண்ட தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சமையல் குறிப்புக்கும் அதே விதிதான். ஒரு பொருளையோ ஒரு படியையோ மறைத்தால் பலகாரம் கெட்டுவிடும். இரண்டும் நேர்மையை அடிப்படையாகக் கொண்டவை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1896-இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினர். ஒரு லயம், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, வெளியே செல்ல ஒரு செம்மண் சாலை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது மணத்திலேயே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். மர்மக் கதை எழுதுபவர் தேடும் எல்லை கட்டிய இடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு கதையைக் கற்பனை செய்து பார்ப்போம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கோயில் திருவிழாவுக்குச் சேர்த்து வைத்த பணம் காணாமற்போகிறது. பணம் இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். “நான் அடுப்பை விட்டு நகரவே இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை” என்கிறார் அவர். எல்லாரும் நம்புகிறார்கள். ஆனால், அவர் செய்த அதிரசம் கல்லைப் போல் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துக்கே அதிரசம் சுட்டுக் கொடுத்தவர் கைக்கு அந்தக் குறை எப்படி வந்தது? பாகு பதம் தாண்டியிருக்க வேண்டும். பதம் தாண்டியது என்றால் அடுப்பருகே அவர் சில நிமிடங்கள் இல்லை. குடியில் கூலியைத் தொலைத்தவனின் மனைவிக்கு அரிசி கொடுக்க, யாருக்கும் தெரியாமல் அவர் கடைசி வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணின் மானம் காக்கவே பொய் சொன்னார். உண்மையை ஒப்புக்கொண்ட பிறகுதான், வழியில் தாம் கண்ட மனிதர் யார் என்பதையும் அவர் சொல்ல முடிகிறது, பணமும் கிடைக்கிறது.

இக்கதையின் தடயம் சமையல் குறிப்பிலேயே இருக்கிறது. அக்குறிப்பு இதுதான். இரண்டு கோப்பை பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் நிழலில் பரப்பவேண்டும். ஈரம் முழுதும் காய்ந்துவிடுமுன் இடித்துச் சலிக்கவேண்டும். ஒன்றரைக் கோப்பை வெல்லத்தூளைச் சிறிது நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றவேண்டும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது விரலால் மென்மையாக உருட்ட வரவேண்டும், அதுவே பதம். உடனே இறக்கி, ஏலக்காய்ப் பொடி சேர்த்து, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவேண்டும். மேலே நெய் தடவி மூடி, குறைந்தது ஓர் இரவு வைத்திருக்கவேண்டும். பிறகு வாழை இலையில் தட்டி, மிதமான சூட்டில் எண்ணெயில் சுட்டு, இரண்டு கரண்டிகளுக்கு இடையில் அழுத்தி எண்ணெயை வடிக்கவேண்டும். பாகு இளகலாக இருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகிவிடும். இதைப் படித்த வாசகர், துப்பறிவாளருக்கு முன்னதாகவே உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். வெல்லத்துக்குப் பதிலாக, நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரையை இட்டால் நிறமும் மணமும் வேறாகும். அந்த வேறுபாடுகூட ஒரு தடயமாகலாம்.

இவ்வகை நாவல்களுக்குக் குறையும் உண்டு. கதைக்குத் தொடர்பே இல்லாமல் பத்துக் குறிப்புகளை ஒட்டவைத்துப் பக்கம் நிரப்புவோரும் இருக்கிறார்கள். சமையல் குறிப்பை நீக்கினால் மர்மம் நிற்குமா, விழுமா என்று கேட்டுப் பாருங்கள். நீக்கியும் கதை அப்படியே நின்றால், அக்குறிப்பு வெறும் அலங்காரமே.

இனி நம்முடைய கவலைக்கு வருவோம். மலாக்காவின் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து மக்கள் மலாக்கா நகரிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மஸ்ஜித் தானாவிலும் சிதறிக் குடியேறினர். அவர்களோடு வந்த பலகாரங்களின் செய்முறை பெரும்பாலும் எழுத்தில் இல்லை. “ஒரு கை அரிசி, கண்ணளவு உப்பு” என்பதே கணக்கு. அந்தக் கையும் கண்ணும் மறைந்தால் அளவும் மறையும்.

சமையல் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு மலாக்காச் செட்டிகள் எடுத்துக்காட்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து இம்மண்ணில் மணம் புரிந்த தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் அவர்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. காலப்போக்கில் அவர்கள் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. ஆயினும், பொங்கலுக்கு முந்திய நாளில் முன்னோருக்கு வாழை இலையில் படையல் இடுவது நிற்கவில்லை. மல்லியும் சீரகமும் ஒரு புறம், பெலாச்சானும் செராயும் மறுபுறம் எனச் சேரும் அவர்கள் சமையலைச் சுவைத்தாலே ஐந்நூறு ஆண்டு வரலாறு தெரிகிறது. பேச்சில் தேய்ந்த தமிழ் அவர்கள் அடுப்படியில் இன்னும் தங்கியிருக்கிறது.

ஆகவே, எழுத விரும்பும் இளைஞர்களுக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளிக்கு வீட்டிலுள்ள பாட்டியோ அத்தையோ பலகாரம் செய்யும்போது அருகில் உட்காருங்கள். அவர் கைப்பிடி மாவைக் கொட்டுமுன் கோப்பையில் அளந்து குறியுங்கள். எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பதம் வந்ததை அவர் எதைக் கொண்டு அறிகிறார், நிறத்தாலா, மணத்தாலா, ஓசையாலா என்று கேளுங்கள். கேட்பதும், கவனிப்பதும், விட்டுப்போன ஒன்றைத் தேடிப் பிடிப்பதும் துப்பறிவாளர் செய்யும் வேலையே. அக்குறிப்பைச் சுற்றி ஒரு கதை பிறந்தால் மகிழ்ச்சி. கதை பிறக்காவிட்டாலும், அடுத்த தலைமுறை அதிரசம் சுடுவதற்கு ஓர் அளவு மிஞ்சும்.