2 லட்சத்து 67 ஆயிரம் என்றார்களே, 81 ஆயிரம்தானே வந்தது?
(வீட்டுக்கடன் மானியம் - ஒரு விளக்கம்)



பக்கத்து பேரூராட்சியிலோ நகராட்சியிலோ வங்கிக்கடன் போட்டு வீடு வாங்கிய உறுப்பினர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மானியம் குறைந்தால் முதல் சந்தேகம் ஊக்குநர் மேல் போகிறது. அடுத்தது வங்கி மேனேஜர் மேல். சில வீடுகளில் "மீதிப் பணத்தை எங்க வச்சே?" என்று பெண்ணையே கேட்கிறார்கள். அதனால் கணக்கை நாமே தெரிந்துகொள்வோம்.

எந்தத் திட்டம்?

பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் 2015-ல் வந்தது வட்டி மானியம். ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, கடனில் முதல் 6 லட்சம் வரைக்கும் 6.5 சதவீதம் வட்டி மானியம். இந்தப் பிரிவில் வாங்கும் வீட்டில் குடும்பப் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும் என்பது விதி. பத்திரத்தில் நம் பெயர் இருக்கும்போது கணக்கும் நமக்குத் தெரிய வேண்டாமா?

ஏன் குறைந்தது?

2,67,280 ரூபாய் என்பது எல்லோருக்கும் கொடுக்கும் தொகை அல்ல. அது உச்சவரம்பு. 6 லட்சமோ அதற்கு மேலோ கடன் வாங்கி, 20 வருடத் தவணை போட்டவருக்கு மட்டுமே அது முழுசாக வரும்.

செல்வி என்ற உறுப்பினர் 3 லட்சம் கடனை 10 வருடத் தவணையில் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்.

1. கடன் பாதி. அதனால் மானியமும் பாதி. 20 வருடத் தவணை என்றாலும் 1,33,640 ரூபாய்தான்.

2. தவணைக் காலமும் பாதி. வருடம் குறைந்தால் கட்டும் வட்டி குறையும். வட்டி குறைந்தால் வட்டி மானியமும் குறையும். 10 வருடத்துக்கு 6.5 சதவீத வட்டியைக் கூட்டினால் ஏறக்குறைய 1 லட்சத்து 9 ஆயிரம் வரும்.

3. அந்த 1 லட்சத்து 9 ஆயிரமும் அப்படியே வராது. ஏலச்சீட்டை நினைத்துப் பாருங்கள். லட்ச ரூபாய்ச் சீட்டை முதல் மாசமே எடுப்பவர் தள்ளு போக மீதியைத்தானே வாங்குகிறார்? பின்னால் வரவேண்டிய பணம் முன்னாலேயே கிடைக்கிறதல்லவா! இதுவும் அப்படித்தான். 10 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டிய மானியத்தை அரசு ஒரே தடவையில் கொடுத்தது. அதற்கு வருடம் 9 சதவீதம் என்று தள்ளு போட்டார்கள். தள்ளு போக செல்விக்கு வந்தது ஏறக்குறைய 81 ஆயிரம்.

இதில் யாரும் கமிஷன் எடுக்கவில்லை. கணக்கே அவ்வளவுதான்.

பணம் எங்கே போனது?

சேமிப்புக் கணக்கில் தேடினால் கிடைக்காது. மானியம் நேராகக் கடன் கணக்கில் வரவானது. 3 லட்சம் அசலில் அந்த அளவு கழிந்து, மாதத் தவணை குறையும். வங்கியின் வட்டி விகிதம் மட்டும் அப்படியே இருக்கும். "6.5 போக மீதி வட்டிதான் கட்டணும்" என்று நினைத்தவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

இப்போது என்ன நிலை?

மேலே சொன்ன மானியம் 2022 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இன்று யாராவது வந்து "2 லட்சத்து 67 ஆயிரம் வாங்கித் தர்றேன், 5 ஆயிரம் கொடு" என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2024 செப்டம்பரில் இதே திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. இதில் கடன் 25 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், 12 வருடம் வரை மானியம். உச்சவரம்பு 1 லட்சத்து 80 ஆயிரம். அதுவும் ஒரே தடவையில் வராது. ஐந்து வருடத் தவணைகளாக வரும். 4 லட்சம் மட்டும் 12 வருடத் தவணையில் வாங்கினால் 90 ஆயிரம் அளவுக்குத்தான் எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு தவணை வரும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். ஆகவே நகையை விற்றுக் கடனை அடைக்கும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சியில் சொந்த மனையில் கட்டும் ஊரக வீட்டுத் திட்டம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வங்கியில் கேட்க வேண்டியவை

* கடன் கணக்கின் முழு விவர அறிக்கை
* மானியம் வரவான தேதியும் தொகையும்
* அதற்கு முன்னும் பின்னும் இருந்த அசல் பாக்கி
* மாதத் தவணை குறைந்ததா, எந்த மாதத்திலிருந்து?

மானியம் வரவான பிறகும் தவணையும் குறையாமல், தவணைக் காலமும் குறையாமல் இருந்தால், அப்போது சும்மா இருக்காதீர்கள். எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள். தனியாகப் போகத் தயங்கினால் குழுவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்கடன் உள்ளவர்கள் கடன் அறிக்கையைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.