கண்டிப்பும் சட்டாம்பிள்ளைத்தனமும்

ஆங்கிலத்தில் 'மார்ட்டினெட்' என்றொரு பதம் உண்டு. சதா விதியையே கட்டிக்கொண்டு, அவ்விதி எதற்காக ஏற்பட்டது என்பதை மறந்து, கீழிருப்பவரை வாட்டுகிற அதிகாரிக்கு அப்பெயர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காலாட்படையைப் பயிற்றிய ழான் மார்ட்டினே என்பாரின் பெயரிலிருந்து இது பிறந்ததென அகராதிகள் கூறும். அவர் 1672-இல் ஒரு முற்றுகையில் மாண்டார். வேடிக்கை என்னவெனில், பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு இப்பொருள் இல்லை. அங்கே அது வார்கள் கட்டிய ஒரு சவுக்கின் பெயர்.

இப்பதத்தை நம்மவர் 'கண்டிப்பானவர்' என்று மொழிபெயர்த்து விடுகின்றனர். அது பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். 'வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு' என்று ஒரு தகப்பனார் சொன்னால், அதில் பாதி பயம், பாதி பெருமை. 'கறார்' என்பதோ கடனுக்கும் வாடகைக்கும் உரிய சொல். மார்ட்டினெட்டுக்கு நேரான தமிழ் நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. சட்டாம்பிள்ளை என்பதே அது.

ஆதியில் இது வசையன்று. மூத்த மாணாக்கன் ஒருவன் ஆசிரியர் இல்லாதபோது சிறுவர்களைப் பாடம் ஒப்பிக்கச் செய்து ஒழுங்கு காப்பான், அவனே சட்டாம்பிள்ளை. 1789 முதல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் இவ்வழியைக் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. கடல் கடந்து கீர்த்தி பெற்ற அப்பதவி தாய்நாட்டில் கேலிச்சொல்லாயிற்று. மலையாளத்திலோ இன்னும் மோசம். சட்டம்பி சுவாமிகள் என்ற மகானுக்கு, பாடசாலையில் சட்டம்பியாக இருந்ததாலேயே அப்பெயர் நிலைத்தது. இன்று அங்கே அச்சொல்லுக்குப் போக்கிரி என்று பொருள்.

ஏன் இந்த வீழ்ச்சி? சட்டாம்பிள்ளையின் கையில் வாத்தியாரின் பிரம்பு இருந்தது. வாத்தியாரின் படிப்பு இல்லை.

இந்தப் பேதத்தைக் காணக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையே போதும். 1748 ஜனவரியில் அங்கு வந்திறங்கிய ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், கம்பெனியின் ஒழுங்கற்ற சேவகர்களைப் பயிற்றிப் பட்டாளமாக்கினார். நம்மை அடிமைப்படுத்தவே அப்படை பயன்பட்டது என்பது வேறு விஷயம். அவர் கண்டிப்பானவர், ஆயினும் கிளைவ் போன்ற இளைஞரின் திறமையை மதித்து வளர்க்கத் தெரிந்தவர். பத்து ஆண்டுக்குப் பின் அதே கோட்டையை முற்றுகையிட்டு, 1758 ஜூனில் பிடித்தார் பிரெஞ்சுத் தளபதி லாலி. வீரத்தில் குறைவில்லை. ஆனால் ஊராரைப் பலவந்தமாகப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். தம் அதிகாரிகளையும் புதுச்சேரிக் கவுன்சிலையும் ஓயாது ஏசினார். அவர் உத்தரவிட்டபோது ஓடிவர ஆளில்லாமல் போயிற்று. 1760-இல் வந்தவாசியில் தோற்று, 1761-இல் புதுச்சேரியை இழந்து, 1766-இல் பாரிஸில் சிரச்சேதம் செய்யப்பட்டார். (அத்தீர்ப்பு அநீதி என்று வால்டேர் போராடினார், 1778-இல் அது ரத்தாயிற்று. சட்டாம்பிள்ளைக்கும் நியாய விசாரணை வேண்டுமன்றோ?)

சிதம்பரத்தில் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர் வேறொரு வகை. பிழைகளைந்து பதிப்பிப்பதிலும் ஆசாரத்திலும் அவர் அணுவளவும் விட்டுக்கொடாதவர். ஆனால் விதி முதலில் அவரையே கட்டியது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளி உத்தியோகத்தை 1848-இல் துறந்தார், இல்லறம் புகவில்லை, தமிழுக்கும் சைவத்துக்குமே ஆயுளைச் செலவிட்டார். 1869-இல் சிதம்பரத்தில் தம்மைப் பற்றி நிகழ்ந்த பேச்சுக்காக மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். எதிரிகளுள் இராமலிங்க சுவாமிகளும் ஒருவர். அங்கே அவர் கண்டிப்பு அளவு கடந்ததென்பாரோடு நாம் வாதிடப் போவதில்லை. அப்போதும் அவரைச் சட்டாம்பிள்ளை என்று சொல்ல நாவெழாது.

சொல்லைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணமுண்டு. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் அவர்கள் மனத்தை வதைப்பதையும் தடுக்கிறது. பிரம்பை விடமனமில்லாதவர்கள் 'கண்டிப்பு' என்னும் நல்ல பெயருக்குள் அதை ஒளித்துவைக்கிறார்கள். பெற்றோரிற் சிலரும் ஆமோதிக்கிறார்கள். ஆபீசுகளிலும் இப்பெயர் மலிவாகவே வழங்கப்படுகிறது. தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த கிழவியின் மனுவை, ஐந்து நிமிஷம் தாமதமென்று ஜன்னலைச் சாத்தித் திருப்பியனுப்புகிறவர், தாம் மட்டும் அரைமணி பிந்தி வருபவராயின், அவரைக் கண்டிப்பானவர் என்று இப்பத்திரிகையில் எழுத நாம் சம்மதியோம்.