கால் மில்லிமீட்டர் கம்பியின் செலவுக் கணக்கு

பக்கவாட்டில் 700×25 என்று அச்சிட்ட ரோடு பைக் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 475 சுற்று. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 23,750 சுற்று. மல்லூர்ப் பக்கம், 12-வது கிலோமீட்டரில், டயரில் ஒரு கம்பி இழை குத்தியது என்றால் நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் அது 18,000 முறை தரையில் அழுத்தப்படும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் துளித்துளியாக உள்ளே போகும். அதனால்தான் கம்பி ஏறுவது ஓரிடம், காற்று இறங்குவது வேறிடம்.

கம்பி வருவது லாரி டயரிலிருந்து. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போன ஊர்கள். ரேடியல் லாரி டயருக்குள் முறுக்கிய எஃகுக் கம்பிகள் இருக்கும். அதில் ஓர் இழையின் தடிமன் கால் மில்லிமீட்டரை ஒட்டி. ரீட்ரேட் உரிந்தாலோ டயர் வெடித்தாலோ அந்த இழைகள் தேசிய நெடுஞ்சாலை 44-இல் சிதறும். ஓடும் வண்டிகள் அவற்றை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். சைக்கிள்காரருக்கு விட்டிருக்கும் இடமும் அதுதான்! நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் கிராமச் சாலைத் தொல்லை; கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிப் போடலாம். கம்பி இழை தெரியாது.

ஆளும் வண்டியுமாக 85 கிலோ, அதில் 60 சதவீதம் பின்சக்கரத்தில் என்றால் 51 கிலோ. 90 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 6.3 கிலோ. ஆக அவ்வளவு பாரமும் தரையைத் தொடுவது சுமார் 8 சதுர சென்டிமீட்டரில். தீப்பெட்டியின் முகத்தில் பாதிகூட இல்லை.

இனிச் செலவு. டியூப் 400 ரூபாய், ஒட்டு 30 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பஞ்சரானதும் டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால், டயரில் தங்கிய இழை புது டியூபையும் குத்தும். மூன்று முறை இப்படியானால் 1,200 ரூபாய். டயரின் உட்புறத்தில் பஞ்சை ஒரு சுற்றுத் தேய்த்துப் பார்த்தால் இழை இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். இடுக்கியால் பிடுங்கி, ஓட்டையை ஒட்டினால் 30 ரூபாயோடு முடிந்தது. அடிக்கடி பஞ்சர் என்று புலம்புவோரில் பலருக்கு நடந்திருப்பது ஒரே பஞ்சர்தான் என்பேன்.

டயரைக் கழற்றும்போதே வால்வுக்கு நேரே ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட வேண்டும். பிறகு டியூபில் ஓட்டையைக் கண்டதும் வால்விலிருந்து அளந்தால் டயரில் தேட வேண்டிய இடம் ஒரு சாணுக்குள் அடங்கும். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில் இருந்தால் கம்பியைத் தேடாதீர்கள். ரிம் டேப் விலகிப் போக்ஸ் துளையின் விளிம்பு அறுத்திருக்கும். பக்கம் பக்கமாக இரண்டு கீறல் என்றால் காற்றுப் போதவில்லை, குழியில் இறங்கும்போது ரிம்மே கடித்திருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை இழுத்து ஆட்டியதன் பலன்.

காற்றுப் போதாமை இங்கே சித்திரையில் கூடும். வெயிலில் டியூப் வெடித்துவிடும் என்று 60-க்கு இறக்கிவிடுகிறார்கள். கணக்குப் போடலாமே. காலையில் 27 டிகிரியில் 90 பி.எஸ்.ஐ. அடித்த டயர் மதியம் 57 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் சுமார் 100 ஆகும். 110, 120 வரை தாங்கும் என்று பக்கத்தில் அச்சிட்ட டயருக்கு அது பொருட்டில்லை. 60 அடித்தவருக்கு அந்த வெயிலிலும் 67-தான். ரிம் கடிக்கப் போதுமான தளர்ச்சி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் கொல்லிமலையின் 70 வளைவிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாவது தனிக் கதை. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

பாதுகாப்புப் பட்டை வைத்த டயர் வாங்கலாமா? ஒன்று 2,000 ரூபாய் என்று கொண்டால் ஜோடி 4,000. டியூபைத் தூக்கி எறிகிறவருக்கு அது 10 டியூபில் திரும்பிவிடும். ஒட்டிக்கொள்கிறவருக்கு 133 ஒட்டு. பணக்கணக்கில் பின்னவருக்கு அது நட்டம்தான். ஆனால் புதுச்சத்திரம் பக்கம் நண்பகலில் நிழலில்லாமல் டயரைக் கழற்றும் அரை மணிக்கு இந்தப் பேரேட்டில் பத்தி இல்லை. நான் சொல்வது, ஒரு டயர் மட்டும் வாங்கிப் பின்சக்கரத்தில் போடுங்கள். பாரம் அங்கேதான். முதலும் 5 டியூபில் திரும்பிவிடும்.