திரையில் காளை வர யார் கையெழுத்து வேண்டும்?

சென்சார் என்றதும் பலருக்கு வசனத்தில் விழும் ‘பீப்’ சத்தம்தான் ஞாபகம் வரும். மாடு வளர்க்கிற எனக்கு இன்னொரு சென்சாரும் தெரியும். படத்தில் காளை ஒன்று சீறிக்கொண்டு வரும்போது, திரையின் ஓரத்தில் பொடியாக ‘சிஜிஐ’ என்று எழுத்து வருகிறதே, அது. நிஜ மாடு இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்பதற்கான வாக்குமூலம். காங்கேயத்துக்காரர்களுக்கு அந்த எழுத்து தேவைப்படாது. எங்கள் காளை பிறக்கும்போது செவலை, வளர வளரச் சாம்பல். பொலிக்கு விடும் பூச்சிக்காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்துப் போகும். கம்ப்யூட்டர் மாட்டுக்கு உடம்பெல்லாம் ஒரே சுண்ணாம்பு. திமில் ஆடுவதும் இல்லை.

இந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பது இந்திய விலங்குகள் நல வாரியம். 1960-ம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது. பல காலம் சென்னையில் இருந்தது. 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. விலங்கை நடிக்க வைப்பவர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன 2001-ம் ஆண்டு விதிகள். 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, விலங்கு வரும் படத்துக்கு வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைச் சான்று கிடையாது என்றானது.

2011-ல்தான் எங்களுக்கு அடி. பயிற்சி கொடுத்து வித்தை காட்ட வைக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் புலி, சிங்கம், கரடியோடு காளையையும் மத்திய அரசு சேர்த்தது. 2014-ல் சல்லிக்கட்டு நின்றது. 2017-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தி மீட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அந்தத் திருத்தம் ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் நடக்கும் விழாவுக்கு. கேமராவைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இந்த விதிகளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1939-ல் வந்த ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்துக்காகக் குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் விழவைத்தார்கள், அது செத்தது. அங்கே படப்பிடிப்புத் தளங்களில் விலங்குகளுக்குக் கண்காணிப்பு வந்தது அதன் பிறகுதான். நம் கோயமுத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் 1956-ல் ‘தாய்க்குப் பின் தாரம்’ எடுத்து எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டபோது இப்படி ஒரு சான்று கேட்க வாரியமே கிடையாது. கேட்க ஆள் வந்தது நல்லதுதான்.

ஆனால் சான்று வாங்க யாரால் முடிகிறது? 2017 தீபாவளிக்கு வந்த ‘மெர்சல்’ படத்துக்கே வாரியத்தின் சான்று கடைசி நேரத்தில்தான் கைக்கு வந்தது. விஜய் படம், சமாளித்தார்கள். சின்ன பட்ஜெட்காரர் கதையிலிருந்து மாட்டையே எடுத்துவிடுவார். எங்கள் கட்டுத்தறிக்கு ஒரு படக்குழு வந்தது. காளையைத் தடவிப் பார்த்து, போட்டோவெல்லாம் எடுத்தார்கள். உரிமையாளர் சம்மதம், கால்நடை மருத்துவர் சான்று, வாரிய அனுமதி என்று மேனேஜர் விரல் விட்டு எண்ணினார். அடுத்த வாரம் போன் வந்தது.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஹீரோ புல்லட்ல வர்ற மாதிரி மாத்திட்டோம்.”

“அதுனால என்னங்க தம்பி, அதுக்குத் தீவனச் செலவும் இல்லீங்க” என்றேன்.

வெட்டிய காட்சியென்றால் தணிக்கைக் குழுவின் பட்டியலிலாவது இருக்கும். எழுதும்போதே விட்டுப்போன காட்சி எந்தப் பட்டியலிலும் வராது. எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் கிளுவை வேலியோரம் மேயும் மாட்டை உள்ளூர்ப் பிள்ளைகளே சினிமாவில் பார்க்காமல் வளர்வது இப்படித்தான்.

வாடிவாசலுக்கு அனுப்புமுன் மாட்டைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் அரசு கால்நடை மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார். படப்பிடிப்புத் தளத்திலும் அவரையே நிறுத்தி, மாட்டுக்கு வலிக்கிறது என்று அவர் சொன்னால் கேமராவை நிறுத்தலாம். அதற்கு அனுமதி வாங்க ஹரியானா எதற்கு?