இடுப்பைத் தொடுமுன் கேட்கிறவரிடம் போங்கள்

குறுவை நடவு முடிகிற சமயத்தில் தஞ்சை, திருவாரூர் கிராமங்களில் பெண்கள் வாயில் அடிக்கடி வரும் சொல், “இடுப்பு பிடிச்சுக்கிச்சு”. சேற்றில் நின்று, இடுப்பை மடித்தபடியே பின்னால் நகர்ந்து நாற்று ஊன்றும் வேலை அப்படிப்பட்டது. குனியும்போது முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளில் அழுத்தம் கூடுகிறது. 1960களில் ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் வட்டுக்குள் ஊசி செலுத்தியே அதை அளந்தார். மணிக்கணக்கில் குனிந்தே இருந்தால் தசையும் இறுகிவிடும்.

மேலைநாட்டில் இதற்குப் பலர் ஆஸ்டியோபதி வைத்தியரிடம் போவார்கள். அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் தொடங்கிய, கையால் எலும்பையும் தசையையும் சீராக்கும் முறை அது. நம் ஆயுஷ் பட்டியலில் அது இல்லை. ஆனால் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற, கையால் பிடித்துவிடும் முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் இதைக் கேட்டுப் பெறலாம்.

போனால் என்ன நடக்கும்? நல்ல மருத்துவர் முதலில் கை வைக்க மாட்டார், கேட்பார். வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, காய்ச்சல் உண்டா, விழுந்தீர்களா, கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம். பிறகு நாடி பார்ப்பார், நடக்கச் சொல்வார், குனியச் சொல்வார். குப்புறப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான தைலம் தடவி, முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ளங்கையால் நீவுவார். இறுகின இடம் விரலுக்குக் கயிறு மாதிரி தட்டுப்படும். அங்கே கட்டைவிரலை ஊன்றி, உங்கள் மூச்சு இளகும்வரை நிறுத்துவார். அழுத்தம் தெரிய வேண்டும், சுரீரென்று குத்தக் கூடாது. குத்தினால் உடனே சொல்லுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். சில முறைகளில் ‘சொடக்’கென்று ஒலி கேட்கும். எலும்பு இடம் மாறிச் சேர்ந்த ஒலியல்ல அது. மூட்டு நீரிலுள்ள வாயு செய்யும் வேலை. ஒலி வராவிட்டாலும் சிகிச்சை குறையாது. மறுநாள் உடம்பு லேசாக வலிப்பது வழக்கம்தான். ஒரே தடவையில் தீரும் என்று உறுதி சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்னும் உண்டு. வயதான பெண்களின் எலும்பு சுண்ணாம்புச் சத்துக் குறைந்து நொறுங்கும் நிலையில் இருக்கலாம். ஒரு மிதியில் முள்ளெலும்பு முறியும். தயவுசெய்து யாரையும் முதுகில் ஏற விடாதீர்கள்.

கால் மரத்து வலுவிழந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ தானாகப் போனாலோ, தைலம் தேய்த்து நேரம் கடத்தக் கூடாது. அன்றே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நரம்பு நசுங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.